ஆகாய விமானமும் அனுமதிச் சீட்டும்

சென்னையில் ஹோட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்ற ஐரோப்பியர், தாமே திட்டமிட்ட விமானத்தைச் சிம்ப்ஸன் வண்டிப் பட்டறையில் செய்வித்து, 1910ல் பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். மும்பை விமானி அமோல் யாதவ் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் செல்லும் விமானம் கட்டினார். 2011ல் செய்த மனுவுக்கு 2017ல்தான் பதிவு கிடைத்தது; பறக்கும் அனுமதியோ 2019ல்! அன்னிய ஆட்சியில் ஒரு ஹோட்டல்காரருக்கு இருந்த வசதி ஸ்வதந்திர இந்தியனுக்கு இல்லை.

உயிருக்கு ஆபத்தான வித்தையைச் சர்க்கார் பரிசோதிக்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. விருத்தாசலத்துப் பீங்கானில் விரிசலிருந்தால் சூளை திறந்த அன்றே தெரிந்துவிடும். அதுபோல உத்தியோகஸ்தர் பட்டறைக்கே வந்து, இறக்கையையும் எஞ்சினையும் பார்த்து, குறையை எழுத்தில் கொடுக்கட்டும். மனுவுக்குத் தொண்ணூறு நாளில் பதில் தரும்படி விதி செய்யவேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.