சான்ஸ் பார்க்கும் சாஸ்திரம்

சித்திரை பிறந்தால் நம் ஊரில் பஞ்சாங்கம் படிப்பார்கள். இந்த வருஷத்துக்கு ராஜா யார், மந்திரி யார், மழை எத்தனை மரக்கால் என்று கேட்டுவிட்டு, பானகம் குடித்துவிட்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இன்றும் படிக்கிறார்கள்; நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் அடையாற்றிலும், பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீடுகளில், அதே பருவத்தில் வேறொரு பஞ்சாங்கம் பிரிக்கப்படுகிறது. அதில் கிரகங்கள் இல்லை, காலேஜ்கள் இருக்கின்றன. திருச்சி, சூரத்கல், வாரங்கல், பிலானி, பம்பாய், கான்பூர்! ராகு, கேதுவின் ஸ்தானத்தில் போன வருஷத்துக் கடைசி ராங்குகள் உட்கார்ந்திருக்கின்றன. இந்தப் புதிய சாஸ்திரத்துக்குச் ‘சான்ஸ் பார்ப்பது’ என்று பெயர்.

பழைய ஜோஸ்யர் தட்சிணையாக வெற்றிலை பாக்கும் பத்து ரூபாயும் வாங்கிக்கொண்டார். புதிய ஜோஸ்யருக்கு அதெல்லாம் போதாது.

நாகேஸ்வரராவ் பூங்காவில் காலையில் நடப்பவர்களின் பேச்சு இப்படி இருக்கும்:

“என்ன சார், பையனுக்கு எவ்வளவு வந்திருக்கு?”

“தொண்ணூற்றொன்பது.”

“அடேயப்பா! அப்புறம் என்ன கவலை? எங்கே வேணும்னாலும் கிடைக்குமே!”

பேசுகிற இருவரும் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். ஒருவர் பாங்கியில் ஆயுள் முழுதும் வட்டி போட்டவராக இருப்பார். மற்றவர் தணிக்கை அதிகாரியாக இருந்து, பிறர் கணக்கில் ஒரு பைசாத் தவறையும் விடாமல் பிடித்தவராக இருப்பார். ஆனால் சொந்தப் பிள்ளை விஷயம் வந்தவுடன் இந்த 99 மார்க் அல்ல, பெர்சென்டைல் என்பது இருவருக்குமே மறந்துவிடுகிறது. 2024-ல் ஜே.இ.இ. மெயின் எழுதியவர்கள் 14 லட்சத்துக்கும் மேல். 99 பெர்சென்டைல் என்றால், நூற்றுக்கு ஒருவர் நம் பையனுக்கு முன்னால் நிற்கிறார் என்று அர்த்தம். நூற்றுக்கு ஒருவர் என்றால் சொற்பமாகத்தான் தோன்றும். 14 லட்சத்தில் அது 14,000 பேர்! திருச்சி என்.ஐ.டி.யில் கம்ப்யூட்டர் ஸயன்ஸுக்கு வெளிமாநிலத்தாரின் பொது வரிசை, அண்மை ஆண்டுகளில் ஆயிரத்துச் சொச்சம் ராங்கோடு முடிந்துபோயிருக்கிறது. 99 மட்டமான எண் என்று சொல்ல வரவில்லை. அந்தப் பையனுக்கு நல்ல இடங்கள் பல உண்டு. ஆனால் ‘எங்கே வேணும்னாலும்’ என்பது பொய்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. நம் ராஜ்யத்தில் 2007-ல் இன்ஜினீயரிங்குக்கு நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். கணக்குக்கு 100, பௌதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50, ஆக 200 என்ற கட்ஆஃப் கணக்கு நம் வீட்டுப் பாட்டிமாருக்கும் மனப்பாடம். அந்தக் கிண்டி வாய்ப்பாட்டை வைத்துக்கொண்டு கான்பூரை அளக்கப் போகிறோம். முழக்கோலைக் கொண்டு பால் அளக்க முடியுமா?

சரி, கடைசி ராங்க் என்பதுதான் என்ன? ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இடங்களை 2015 முதல் ‘ஜோசா’ என்ற ஒரே ஏற்பாட்டின் கீழ் பங்கிட்டு வருகிறார்கள். எந்தக் காலேஜில், எந்தப் பிரிவில், எந்த ஒதுக்கீட்டில், எந்தச் சுற்றில் முதலில் நுழைந்தவர் ராங்க் என்ன, கடைசியில் நுழைந்தவர் ராங்க் என்ன என்பதையெல்லாம் பகிரங்கமாக வெளியிடுகிறார்கள். யாரும் காலணா கொடுக்காமல் பார்க்கலாம். அந்தக் கடைசி எண், நூறு பேர் வேண்டாம் என்று விலகிய பிறகு சரி என்று உள்ளே போன ஒருவருடைய எண். எல்லோரும் சிவிலை விட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் ஓடினால் சிவிலின் கடைசி ராங்க் பின்னுக்குப் போகும். அதனால் சிவில் படிப்பு சீர்கெட்டுவிட்டது என்று ஆகுமா? அணை கட்டவும் பாலம் போடவும் தேவை நின்றுவிட்டதா? அந்த எண் சொல்வது போன வருஷத்துக் கூட்டத்தின் ஆசையை. காலேஜின் தரத்தையும் அல்ல, உங்கள் பிள்ளையின் தரத்தையும் அல்ல.

சான்ஸை முறையாக மதிப்பிட அரை மணி நேரமும் ஒரு தாளும் போதும். மூன்று, நான்கு வருஷங்களின் கடைசிச் சுற்று எண்களை, உங்கள் பிரிவுக்கும் உங்கள் ஒதுக்கீட்டுக்கும் உரியவற்றை மட்டும், எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளையின் ராங்க் அவை எல்லாவற்றுக்கும் நன்றாக முன்னால் இருந்தால் அநேகமாகக் கிடைக்கும். சில வருஷம் முன்னாலும் சில வருஷம் பின்னாலும் இருந்தால் சந்தேகம். எல்லாவற்றுக்கும் வெகுவாகப் பின்னால் இருந்தால் இல்லை. இதற்கு மேல் இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. பிலானிக்குக் கணக்கு வேறு: 2005 முதல் பிட்ஸாட் பரீட்சை; இப்போது 390-க்கு மார்க்; எந்த ராஜ்யத்தாருக்கும் தனி ஒதுக்கீடு இல்லை. அங்கும் பழைய மார்க்குகளைப் பார்த்து இதே விதமாகத்தான் சொல்ல முடியும்.

பிள்ளையை எங்கே படிக்க வைத்தோம் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். என்.ஐ.டி.க்களில் பாதி இடம் அந்தந்த ராஜ்யத்தாருக்கு, மறுபாதி வெளியாருக்கு. யார் அந்த ராஜ்யத்தார்? அங்கே பிறந்தவர் அல்லர். வீடு வாசல் உள்ளவர் அல்லர். பிளஸ் டூவை அங்கே முடித்தவர். இது தெரியாமல், ‘சான்ஸ் கூடும்’ என்று யாரோ சொன்ன பேச்சை நம்பி, பதினைந்து வயதுப் பையனை ஹைதராபாத்துக்கும் கோட்டாவுக்கும் பெட்டி கட்டி அனுப்புகிறார்கள். அவன் அங்கேயே பிளஸ் டூ முடித்துவிட்டால், மூன்று தலைமுறையாகக் கபாலி கோயில் தேர் இழுத்த குடும்பத்துப் பிள்ளை, திருச்சியில் வெளிமாநிலத்தானாகப் போய் நிற்கிறான்! கம்ப்யூட்டர் ஸயன்ஸுக்குத் தமிழ்நாட்டு வரிசை வெளியார் வரிசையைவிட வெகுதூரம் பின்னால் வரை நீளுகிறது. அந்தச் சலுகையை அவனுக்கு இல்லாமற் செய்தவர்கள், அவன் நன்மைக்கென்றே அவனை அனுப்பியவர்கள். ஐ.ஐ.டி.யிலோ ராஜ்யக் கணக்கே இல்லை. 1959-ல் நம் அடையாற்றங்கரைக்கு அருகே தோன்றிய ஐ.ஐ.டி.யின் வாசலுக்கு இந்திரா நகரிலிருந்து நடந்தே போகலாம். அனுமதிக் கணக்கில் அது இந்திரா நகருக்கு எவ்வளவு தூரமோ கௌஹாத்திக்கும் அவ்வளவு தூரந்தான்.

போன பிள்ளைகள் அங்கே எப்படி இருக்கிறார்கள்? 2023-ம் ஆண்டில் மட்டும் கோட்டாவில் இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். எந்த ஜோஸ்யரும் இதைத் தம் கட்டத்தில் எழுதிக் காட்டியதில்லை.

“இங்கே நமக்கு இடம் இல்லையே, வெளியே போகாமல் என்ன செய்வது?” என்று கேட்பீர்கள். இந்த வாக்கியம் மயிலாப்பூரில் பாட்டன் சொத்துப்போல வந்துகொண்டிருக்கிறது. சென்னை ராஜதானியின் வகுப்புவாரி உத்தரவை எதிர்த்து இருவர் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1951-ல் தீர்ப்புச் சொன்னது. அவர்களில் ஒருவர் கேட்டது இன்ஜினீயரிங் படிப்பில் இடம். ராஜ்யம் முழுவதும் இன்ஜினீயரிங் காலேஜ்களை விரல்விட்டு எண்ணிவிடக் கூடிய காலம் அது. இன்றைக்கு நானூறுக்கும் மேல் இருக்கின்றன. வருஷந்தோறும் பல்லாயிரம் இடங்கள் ஆளில்லாமல் கிடக்கின்றன. “கிடப்பது கிண்டியிலா?” என்பீர்கள். இல்லைதான். ஆனால் நீங்கள் தேடிப் போகிற இடத்தையும் பாருங்கள். இங்கே 69 சதவீதம் ஒதுக்கீடு என்று மூட்டை கட்டுகிறவர், மத்திய சர்க்கார் காலேஜில் போய் இறங்கும்போது அங்கே 59.5 சதவீதம் எதிர்கொள்கிறது. இங்கே பொது இடம் 31, அங்கே 40.5. அந்த ஒன்பதரைக்காகப் பதினான்கு லட்சம் பேர் கொண்ட வரிசையில் போய் நிற்கிறோம். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல காலேஜ் எங்கே இருந்தாலும் நல்ல காலேஜ்தான். ஆனால் மனத்தாங்கலைக் கணக்கென்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள்.

இனி, சான்ஸ் விற்கிறவர்களிடம் வருவோம். ஜூன் மாதத்தில் பத்திரிகைகளின் முதல் பக்கம் முழுதும் பிள்ளைகளின் முகங்கள். எத்தனை பேர் ஜெயித்தார்கள் என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். எத்தனை பேரிலிருந்து என்று பொடி எழுத்தில்கூடப் போடுவதில்லை. வகுத்தலில் கீழே எண் இல்லாத பின்னம் எந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்கு? மத்திய நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரிகள் 2024 நவம்பரில், பயிற்சி வகுப்புக்காரர்கள் பொய்யான வெற்றிக் கணக்கும் ‘இடம் நிச்சயம்’ என்ற உறுதிமொழியும் விளம்பரம் செய்யக் கூடாதென்று விதி வகுக்க வேண்டி வந்தது. கூரை பற்றி எரியாமலா மணி அடித்தார்கள்?

இவ்வளவுக்கும் மேலே ஒரு வேடிக்கை இருக்கிறது. ஜோசாவில் விருப்பப் பட்டியல் எழுத, இந்தச் சான்ஸ் ஜோஸ்யமே தேவையில்லை! உயர்ந்த இடத்தை முதலில் எழுதினால் அடுத்த இடம் கைநழுவிவிடும் என்று பலர் நடுங்குகிறார்கள். அப்படி நழுவாது. முதல் விருப்பம் கிடைக்காவிட்டால், இரண்டாவதற்கு உங்கள் ராங்கின் உரிமை அப்படியே இருக்கும். ஆகையால் பிள்ளைக்கு எது மிகவும் வேண்டுமோ அதை முதலில் எழுதுங்கள். அதற்கடுத்ததை அடுத்து எழுதுங்கள். சான்ஸ் பார்க்க வேண்டியது பட்டியலின் வாலில்தான்: போதுமான அளவு கீழே வரை எழுதியிருக்கிறோமா, ஏதோ ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டியே பணம் கட்ட வேண்டுமா என்று தீர்மானிக்க. தலையில் எழுத வேண்டியது ஆசை. நம் வீடுகளில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். ‘கிடைக்கக் கூடியது’ எது என்று அப்பா தீர்மானிக்கிறார். அதைத்தான் பிள்ளை ஆசைப்பட வேண்டும்.

பெண்கள் விஷயத்தில் இந்த வேஷம் முழுதும் கலைந்துவிடுகிறது. 2018 முதல் ஐ.ஐ.டி.யிலும் என்.ஐ.டி.யிலும் பெண்களுக்கென்று கூடுதல் இடங்கள் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தனி வரிசை. அதன் கடைசி ராங்க் பெரும்பாலும் பொது வரிசையைவிடப் பின்னால் வரை போகிறது. அண்ணனுக்குக் கிடைக்காத வாரங்கல் அதே ராங்கில் தங்கைக்குக் கிடைக்கக் கூடும். இந்தச் சான்ஸை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. “அவ்வளவு தூரம் எதற்கு? இங்கேயே ஏதாவது பார்த்துக்கொள்ளலாம்” என்று தியாகராய நகர்க் கூடத்தில் பேச்சு முடிந்துவிடுகிறது. பிள்ளைக்கு இல்லாத சான்ஸை உண்டு என்று அடித்துச் சொல்லித் துரத்துகிறோம். பெண்ணுக்கு இருக்கிற சான்ஸை இல்லையென்று சொல்லி நிறுத்துகிறோம். இரண்டிலும் முடிவு செய்தது நாம். பழியை மட்டும் எண்ணின் தலையில் போடுகிறோம்.

தகப்பனாருக்குத் தம் அபிப்பிராயத்தைச் சொல்ல உரிமை உண்டு. “எனக்குப் பயமாக இருக்கிறது, போக வேண்டாம்” என்று ஒருவர் பெண்ணிடம் நேராகச் சொல்லட்டும். அவள் எதிர்வாதம் செய்யலாம், அழலாம், ஜெயிக்கவும் ஜெயிக்கலாம். “நான் சாதிக்காததை நீ சாதிக்க வேண்டும்” என்று பையனிடம் சொல்லட்டும். அவன் முடியாது என்று சொல்ல அதில் வழி இருக்கிறது. “சான்ஸ் இல்லை”, “சான்ஸ் இருக்கிறது” என்று சொன்னால் குழந்தை யாரோடு வாதாடும்?

அடுத்த கவுன்சலிங் தொடங்குவதற்குள் அந்த ஒரு தாளை எடுத்து உங்கள் கையாலேயே எழுதிப் பாருங்கள். பக்கத்தில் பிள்ளையையோ பெண்ணையோ உட்கார வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரியை அவர்கள் எழுதட்டும்.