விவா-ன்னா வாழ்க!

ஸ்பானிஷ் எலெக்டிவ் எடுத்தவங்களே, சப்ஜங்க்டிவ் பாடம் வந்ததும் ஏன் கடைசி பெஞ்சுக்கு ஓடுறீங்க? நானும் ஓடினவன்தான். "இங்கிலீஷே தகராறு, இது வேறயா"ன்னு நினைச்சேன். ஏன்னா புத்தகம் முழுக்க இங்கிலீஷ் வழியாத்தான் விளக்கம். இங்கிலீஷ்ல இந்த வடிவம் கிட்டத்தட்ட செத்தே போச்சு. அப்புறம் எப்படிப் புரியும்?

எங்க ஊர் ஜவ்வாது மலை. அங்க காவலூர்ல வைணு பாப்பு வானாய்வகம் இருக்கு. அதோட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986ல தொடங்கி வைக்கப்பட்டது. மேகம் மூடிட்டா எவ்வளவு பெரிய தொலைநோக்கியும் சும்மாதான் நிக்கும். "வானம் தெளியட்டும்"னு காத்திருக்க வேண்டியதுதான். உலகத்தின் பெரிய தொலைநோக்கிகள் பல நிக்கிற சிலி நாட்டுல ஸ்பானிஷ் பேசுறாங்க. மேகம் வந்தா அங்க "ஓஹலா சே தெஸ்பேஹே"ன்னு சொல்லலாம். ஓஹலா, அரபியிலேர்ந்து போன சொல்; நம்ம ஊர் 'இன்ஷா அல்லா'வுக்குத் தூரத்துச் சொந்தம். தெஸ்பேஹே, தெளியட்டும். அதுதான் சப்ஜங்க்டிவ். நடந்ததைச் சொல்றதில்ல, நடக்கணும்னு ஆசைப்படுறது.

விதிமாறாத வினைகள்ல வேலை ரொம்பச் சின்னது, ஒரு உயிரெழுத்து மாறும், அவ்வளவுதான். 'ஆர்'ல முடியுற வினைன்னா ஆ போய் ஏ வரும். ஆப்லா, பேசுறான், ஆப்லே, பேசட்டும். 'ஏர்', 'ஈர்'ல முடிஞ்சா தலைகீழ், ஏ போய் ஆ வரும். கோமே, சாப்பிடுறான், கோமா, சாப்பிடட்டும் (பயந்து நிஜ கோமாவுக்குப் போயிடாதீங்க). விவே, வாழுறான்; விவா, வாழ்க! ஃபுட்பால் மேட்ச்ல கத்துறோமே, அதே விவா.

க, இய, இயர், அல்னு பள்ளிக்கூடத்துல ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணின வியங்கோள் வினைமுற்று ஞாபகம் இருக்கா? வாழ்க, வருக, ஒழிக. அதேதான்.

எல்லா இடத்துலயும் பொருந்தாது, ஒத்துக்கிறேன். "அவன் பேசுவான்னு தோணல"ன்னு நாம சாதாரண வினையைப் போடுற இடத்துலயும் ஸ்பானிஷ்காரர் ஆப்லேதான் சொல்வார். சந்தேகத்துக்கும் அதே வடிவம். அதைத் தனியாப் படிச்சுக்கணும். ஆனா முக்கால் கிணறு தாண்டியாச்சே!

தமிழ் மீடியத்துலேர்ந்து வந்தவங்க தங்களுக்கு மொழி வராதுன்னு நம்பிட்டு உட்கார்ந்திருக்கிறதுதான் எனக்கு ஆத்திரம். சொல்லித் தர்றவங்க போர்டுல ஒரு ஓரமா 'பேசட்டும்'னு எழுதினா போதும், பாதி வகுப்பு தலை நிமிரும். அவங்க எழுதலைன்னா நீங்க நோட்டுல எழுதிக்கோங்க. அடுத்த வாரம் இன்டர்னல். கேள்வித்தாள்ல 'ஓஹலா'வைப் பார்த்ததும் மனசுக்குள்ள 'ட்டும்' சேர்த்துப் பாருங்க.