நடக்காத நிச்சயதார்த்தம் நின்று போன கதை

உங்கள் வீட்டில் ஆங்கிலக் காதல் நாவல் படிக்கிறவர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். ‘நிச்சயம் ஆன மாதிரி நடிக்கிற கதை ஏதாவது இருக்கா?’ என்று. ஒரு அலமாரி நிறைய எடுத்துப் போடுவார்கள்.

எல்லாவற்றிலும் கதை ஒன்றுதான். கதாநாயகிக்கு ஒரு நெருக்கடி. ஊருக்குக் காட்டுவதற்கு உடனே ஒரு ஆண் வேண்டும். ஒருவன் அகப்படுகிறான். இருவரும் ஒப்பந்தம் பேசிக்கொள்கிறார்கள். முன்பெல்லாம் விருந்தில் கைகோத்து நின்றால் போதும். இப்போது மோதிர விரலைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட வேண்டும். லைக் குவிகிறது. கடைசியில் நிஜமாகவே காதல் வந்துவிடுகிறது. சுபம்.

இந்தக் கதைகளைத் திட்ட இரண்டு பேர் எப்போதும் தயாராக இருக்கிறார்கள். ஒருவர் இலக்கிய அன்பர். ‘பொம்பளைங்க பொழுதுபோக்கப் படிக்கிற குப்பை சார்’ என்பார், ஒரு பக்கம்கூடப் படிக்காமல். இன்னொருவர் கலாசாரக் காவலர். ‘பெண் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கற்றுக் கொடுக்கிறார்கள்’ என்பார்.

எனக்கும் இந்த நாவல்கள் மேல் கோபம் உண்டு. ஆனால் அது வேறு கோபம். அதைச் சொல்வதற்கு முன்னால், அந்தப் பெண்கள் எதற்காகப் பொய் சொல்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம்.

இங்கிலாந்தில் ஜார்ஜெட் ஹேயர் என்று ஒரு எழுத்தாளர். 1953-ல் ‘கோட்டிலியன்’ என்று ஒரு நாவல் எழுதினார். கதை நடப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில். கிட்டி என்ற அநாதைப் பெண்ணை ஒரு கஞ்சக் கிழவர் வளர்க்கிறார். தன் பேரன் முறைப் பையன்களில் ஒருத்தனைக் கட்டிக்கொண்டால்தான் அவளுக்குச் சொத்து என்று சொல்லிவிடுகிறார். அவள் அதில் ஃபிரெடி என்ற சாதுவைப் பிடித்து, ‘நிச்சயம் ஆன மாதிரி ஒரு மாதம் நடி, நான் லண்டனைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்’ என்று கெஞ்சுகிறாள். சொத்தும் இல்லை, வேலையும் இல்லை, தனியாக ஊரைவிட்டுக் கிளம்பும் உரிமையும் இல்லை. ஒரு ஆணின் பெயர் கூட வந்தால்தான் வாசல் கதவு திறக்கும். பொய்க்குக் காரணம் இதுதான்.

ரொம்ப தூரம் போக வேண்டாம். 1955-ல் வந்த ‘மிஸ்ஸியம்மா’வை நம்மில் எத்தனை பேர் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்! ஜெமினி கணேசனும் சாவித்திரியும் ஏன் புருஷன் பெண்டாட்டியாக நடித்தார்கள்? பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் வேண்டும், பட்டம் பெற்ற தம்பதியாக இருக்க வேண்டும் என்று விளம்பரம். இருவருக்கும் வேலை இல்லை. மேரிக்கோ அப்பாவின் கடன். கடன் கொடுத்தவன் அவளையே கட்டிக்கொள்ளத் துடிக்கிறான். பொய்க்குக் காரணம் சம்பளம்.

2009-ல் வந்த ‘தி ப்ரபோசல்’ ஹாலிவுட் படத்தில் சாண்ட்ரா புல்லக், நியூயார்க்கில் ஒரு பதிப்பகத்தில் பெரிய அதிகாரி. கனடாக்காரர். விசா சிக்கலில் நாடு கடத்தப்போகிறார்கள் என்றதும், தன் உதவியாளரை ‘இவன்தான் எனக்கு நிச்சயமானவன்’ என்கிறார். பொய்க்குக் காரணம் விசா.

சொத்து, சம்பளம், விசா. கவனித்தீர்களா? மூன்று பேரும் விளையாட்டுக்குப் பொய் சொல்லவில்லை. ‘ஜோடியாக வா, அப்புறம் பேசலாம்’ என்று ஒரு விதி கதவில் தொங்குகிறது. அந்த விதிக்குத்தான் பொய்.

சரி, நிச்சயம் என்ற சொல்லுக்கு இவ்வளவு மதிப்பு எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் ஒரு காலத்தில் அது கோர்ட் சமாச்சாரம். கல்யாணம் செய்துகொள்வதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் பின்வாங்கினால் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடலாம். சார்லஸ் டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ (1836-37) படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கொடுக்காத வாக்குறுதிக்காக வீட்டுக்கார அம்மாள் வழக்குப் போட, பாவம் பிக்விக்குக்கு 750 பவுண்டு அபராதம். கட்ட மாட்டேன் என்று ஜெயிலுக்கே போகிறார். அந்த மாதிரி வழக்குகளை இங்கிலாந்து 1970-ம் வருடச் சட்டத்தால் ஒழித்தது. போட்ட மோதிரம்கூட அன்பளிப்பாகவே கருதப்படும், வேறு நிபந்தனை இருந்ததாக நிரூபித்தால் ஒழிய, என்றும் அந்தச் சட்டம் சொல்லிவிட்டது.

கோர்ட் விலகிக்கொண்டது. அந்த நாற்காலியில் வேறு ஒருவர் வந்து உட்கார்ந்தார். 2004-ல் ஃபேஸ்புக் வந்தது. ‘தனி ஆள்’, ‘நிச்சயமானவர்’, ‘மணமானவர்’ என்று பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 2006-ல் நியூஸ் ஃபீட் வந்த பிறகு, நீங்கள் அதை மாற்றினால் உங்கள் நண்பர் கூட்டத்துக்கே தண்டோரா. 2010-ல் இன்ஸ்டாகிராம் வந்ததும் சொல்லும் தேவைப்படவில்லை. ஒரு விரல், ஒரு மோதிரம், ஒரு படம், போதும். இப்போது நிச்சயத்துக்குச் சாட்சி, நீதிபதி எல்லாம் யார்? நீங்களும் நானும்தான். கட்டைவிரலால் தீர்ப்பு எழுதுகிறோம்.

இதை நன்றாகப் பிடித்த நாவல் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் எழுத்தாளர் டாலியா ஹிபர்ட் 2020-ல் எழுதிய ‘டேக் எ ஹின்ட், டானி பிரவுன்’. டானி ஒரு கறுப்பினப் பெண். பல்கலைக்கழகத்தில் பிஹெச்.டி. ஆய்வு செய்கிறாள். ஸஃபீர் அன்சாரி அங்கே செக்யூரிட்டி. முன்னாள் ரக்பி வீரன். தீ விபத்து ஒத்திகை ஒன்று கோளாறாகிப்போய், அவளை அவன் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறான். யாரோ வீடியோ எடுத்துப் போட, ஊரே இவர்களை ஜோடியாக்கி, ஒரு செல்லப் பெயரும் ஹேஷ்டேக்குமாகக் கொண்டாடுகிறது.

அவர்கள் ‘இல்லைங்க’ என்று மறுத்திருக்கலாம். ஸஃபீர் மறுக்க வேண்டாம் என்று கெஞ்சுகிறான். ஏன்? அவன் ரக்பி மூலமாகப் பையன்களுக்கு மன நலத்தைச் சொல்லித் தரும் ஒரு சிறிய தொண்டு அமைப்பு நடத்துகிறான். அப்பாவையும் அண்ணனையும் விபத்தில் பறிகொடுத்து, மனம் உடைந்து மீண்டவன் அவன். அந்த அமைப்புக்கு விளம்பரம் வேண்டும். அதற்காக இருவரும் காதலர்களாக நடிக்கிறார்கள்.

நிச்சயதார்த்தம் வரை போகாத கதைதான். ஆனால் இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். பையன்களின் மனத் துயரத்தைப் பற்றிப் பேசினால் திரும்பிப் பார்க்காத கூட்டம், ஒரு ஆண் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனால் கண்கொட்டாமல் பார்க்கிறது. ‘தனியாக வந்தால் உன் நல்ல காரியம்கூட எனக்கு வேண்டாம், ஜோடியாக வா’ என்கிறது. கஞ்சக் கிழவரின் விதியேதான்! இப்போது கிழவர் இடத்தில் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

(இன்னொரு தகவல், இலக்கிய அன்பருக்காக: அந்த ஆஜானுபாகுவான ரக்பி வீரன் காதல் நாவல் படிக்கிற பழக்கம் உள்ளவன். துக்க காலத்தில் கைகொடுத்தவை அவை. பொம்பளைங்க புத்தகமாம்!)

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். இந்த நாவல்களும் படங்களும் விதியை நமக்குக் காட்டுகின்றன. சிரிக்க வைக்கின்றன. ஆனால் கடைசி அத்தியாயத்தில் விதியோடு சமாதானம் பேசிவிடுகின்றன. நடித்தவர்கள் நிஜமாகவே ஜோடி ஆகிவிடுகிறார்கள். ஆக, பொய் சொன்ன பாவமும் போயிற்று, பொய் சொல்ல வைத்த விதியும் பிழைத்துக்கொண்டது. ‘தம்பதியாக இருந்தால்தான் பாடம் சொல்லிக் கொடுக்க முடியுமா?’ என்று மிஸ்ஸியம்மாவில் யாரும் அந்த ஜமீன்தாரை உலுக்கிக் கேட்கவில்லை. படம் முடியும்போது நாமும் கேட்க மறந்து, கைதட்டிவிட்டு வருகிறோம்.

நிஜத்தில் கடைசி அத்தியாயம் எப்படி இருக்கும்? எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன்.

நண்பரின் மகள். வயது 32. சென்னையில் நல்ல வேலை. கல்யாணத்தில் இப்போதைக்கு விருப்பமில்லை. வீட்டில் அதைச் சொல்லியும் ஆயிற்று. ஆனால் வாடகைக்கு வீடு தேடிப் போனால் ‘ஃபேமிலிக்கு மட்டும்தாம்மா’. ஆபீஸில் நைட் ஷிஃப்ட் என்றால் ‘உனக்கென்ன, குடும்பமா குட்டியா?’ சொந்தத்தில் விசேஷம் என்றால் சாப்பாட்டுப் பந்தியிலேயே விசாரணை. ஒருநாள் வெறுத்துப்போய், சொந்தக் காசில் ஒரு மோதிரம் வாங்கினாள். தன் கையையும், பக்கத்தில் காபி டம்ளரைப் பிடித்த ஒரு ஆண் கையையும் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தாள். அந்தக் கை அவள் தம்பியின் கை!

அரை மணி நேரத்தில் மதுரையிலிருந்து அம்மாவுக்கு போன். ‘என்ன அண்ணி, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல?’ அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மகளை விட்டுக் கொடுக்கவில்லை. ‘எல்லாம் நல்லபடியா முடிஞ்சதும் சொல்லலாம்னுதான்...’ என்று இழுத்துச் சமாளித்தார். அந்த ஒரு நொடியில் பொய் இரண்டு பேருடைய பொய் ஆகிவிட்டது.

ஏழு மாதம் நிம்மதி. வீடு கிடைத்தது. பந்தியில் பாயசம் இரண்டாவது தடவை வந்தது. அப்புறம் கேள்வி திரும்ப வந்தது, வேறு சட்டை போட்டுக்கொண்டு. ‘முகூர்த்தம் எப்போ?’ ‘மாப்பிள்ளை எந்த ஊர்?’ ‘பத்திரிகை அடிச்சாச்சா?’

தாங்க முடியாமல், ‘அது சரி வரல’ என்று சொல்லி முடித்துக்கொண்டாள்.

முடிந்ததா? அன்றிலிருந்து அவளுக்கு ஒரு பட்டம். நிச்சயம் நின்னுபோன பொண்ணு! நடக்கவே நடக்காத ஒரு நிச்சயதார்த்தம் நின்று போனதற்காக ஒரு பெண்ணைப் பார்த்து ‘பாவம்’ என்றார்கள். ‘பொண்ணு மேல ஏதாவது குறை இருக்குமோ’ என்று அம்மாவின் காதில் படும்படியே பேசினார்கள். இல்லாத ஒருத்தன் இவளை வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம்! அந்த அம்மா ராத்திரியில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். ‘நடக்காத ஒண்ணுக்கு நான் ஏன் அழறேன்னு எனக்கே தெரியல’ என்று என் மனைவியிடம் சொன்னார்.

இந்த அத்தியாயம் எந்தக் காதல் நாவலில் இருக்கிறது? நான் படித்தவரை இல்லை.

‘அதெல்லாம் சரி, பொய்க்கு வக்காலத்து வாங்குகிறீர்களா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஊருக்குச் சொல்லும் பொய் வேறு, ஆளுக்குச் சொல்லும் பொய் வேறு. கட்டிக்கொள்ளும் எண்ணமே இல்லாமல் கல்யாண ஆசை காட்டி ஒரு பெண்ணை உறவுக்கு இணங்க வைப்பவன் அயோக்கியன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-வது பிரிவு அதற்குப் பத்து வருடம் வரை சிறைத் தண்டனை வைத்திருக்கிறது. அங்கே ஏமாந்தவளுக்கு வாழ்க்கையே நொறுங்குகிறது. நான் சொல்லும் கதைகளில் ஜோடி இருவருக்கும் உண்மை தெரியும். ஏமாந்தது வேடிக்கை பார்த்த கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு என்ன நஷ்டம்? ஒரு லைக். அதற்கும் காசில்லை. நண்பரின் மகளும் யாரையும் ஏமாற்றிப் பணம் பறிக்கவில்லை. வாடகை ஒழுங்காகக் கொடுக்கிறவளுக்கு வீடு தர ஒரு மோதிரம் கேட்டார்கள். காட்டினாள். அவ்வளவுதான்.

அதனால் கலாசாரக் காவலர்களே, பொய் சொன்ன பெண்ணை விசாரிப்பதற்கு முன்னால் உங்கள் வீட்டு வாசலில் தொங்கும் ‘ஃபேமிலிக்கு மட்டும்’ போர்டைக் கழற்றுங்கள். பொய் பாதி குறைந்துவிடும்.

காதல் நாவல் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மேல் எனக்கு இளக்காரம் இல்லை. லட்சக்கணக்கான பெண்கள் உங்களைத்தான் படிக்கிறார்கள். அதனால்தான் கேட்கிறேன். ஒரே ஒரு நாவலில், கடைசி அத்தியாயத்தில் அந்தப் பெண் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ‘எனக்கு யாரும் இல்லை, இப்ப என்ன?’ என்று கேட்கட்டும். அதற்கப்புறமும் அவளுக்கு வீடு இருக்கட்டும், வேலை இருக்கட்டும், பந்தியில் பாயசம் இருக்கட்டும். காதல் வந்தால் அதற்குப் பின்னால் வரட்டும், சாவகாசமாக.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த கல்யாணத்தில் பக்கத்து இலையில் 32 வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். வாய் வரைக்கும் அந்தக் கேள்வி வரும். வாயில் வடையை வைத்துக்கொள்ளுங்கள். வடை தீர்ந்த பிறகும் பேசியே ஆக வேண்டும் என்றால், ‘வேலையெல்லாம் எப்படிம்மா போகுது?’ என்று கேளுங்கள். அவள் நிஜத்தைச் சொல்வாள்.