வாடகைக் கணக்கில் வராத செலவு

சென்னையிலும் பெங்களூரிலும் வீட்டு வாடகை ஏற ஏற, செலவு குறைந்த ஏதாவது ஒரு நாட்டுக்குப் போய்விடலாம் என்ற பேச்சு நடுத்தரக் குடும்பங்களில் சகஜமாகிவிட்டது. வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கும் இளைஞர்கள் பேசுகிறார்கள், பணி ஓய்வு பெற்ற தம்பதிகளும் பேசுகிறார்கள். வியட்நாமில் வாடகை இவ்வளவு, தாய்லாந்தில் சாப்பாடு இவ்வளவு, மலேசியாவில் வேலைக்கு ஆள் வைக்க இவ்வளவு என்று ரூபாயில் கணக்குப் போட்டுக் காட்ட யூடியூபில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கணக்கில் ஒரு வரி விட்டுப்போகிறது: அந்த நாடு எத்தனை நாள் இருக்க விடும்? தாமிரபரணிக் கரையில் உள்ளவர்களுக்கு இது புதிய கேள்வி அல்ல. பர்மா, இலங்கை, சிங்கப்பூர், வளைகுடா என்று நாலு தலைமுறையாகப் பதில் சொல்லிவந்த கேள்விதான்.

கடையநல்லூரை எடுத்துக்கொள்ளலாம். மலையடிவாரத்தில், சிற்றாற்றுப் படுகையில் இருக்கும் ஊர். 2019 வரை நெல்லை மாவட்டம், இப்போது தென்காசி. தறியை நம்பியிருந்த முஸ்லிம் நெசவாளர் குடும்பங்கள் பிழைப்பு தேடி இங்கிருந்து சிங்கப்பூருக்குக் கப்பலேறி, தஞ்சோங் பகார் துறைமுகப் பகுதியில் குடியேறின. ஆண்கள் மட்டும் போய்ப் பணம் அனுப்புவதுதான் அன்றைய வழக்கம். இவர்களோ பெண்டு பிள்ளைகளோடு போனார்கள். ஆண்கள் கூலி வேலைக்குப் போக, பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உருவானது. இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு வருடமே, 1946இல், பிள்ளைகளுக்கு ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கி, சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரை அதற்கு வைத்தார்கள். அந்தப் பள்ளி 1982 வரை நடந்தது. இன்று சிங்கப்பூரில் தமிழ் கற்பிக்கும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் அதே பெயரைத் தாங்கி நிற்கிறது.

1965இல் சிங்கப்பூர் தனி நாடானது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க ‘வொர்க் பெர்மிட்’ வேண்டும் என்று சட்டம் வந்தது. குடியுரிமை வாங்கியிருந்தவர்கள் அங்கேயே வேரூன்றினார்கள். வாங்காதவர்களில் பலர், அத்தனை வருடம் உழைத்த மண்ணை விட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. ஒரே தெருவில் இருந்தவர்கள், ஒரே வேலை பார்த்தவர்கள். கையிலிருந்த காகிதம்தான் வேறு.

பர்மாவிலும் இலங்கையிலும் நடந்தது இதைவிடக் கொடுமை. பர்மாவில் 1962இல் ராணுவ ஆட்சி வந்தது. 1964இல் கடைகள் அரசுடைமையாயின, அதே ஆண்டு 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அரிசி மலிவு, மண் வளம் என்று நம்பிப் போனவர்கள் வெறுங்கையோடு கப்பலில் வந்து இறங்கினார்கள். இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், திருநெல்வேலி உட்படத் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து போய்த் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியவர்களின் சந்ததியை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தது. எங்கே இருக்க விருப்பம் என்று அந்த மக்களிடம் யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை.

அதெல்லாம் பழைய காலம் என்று தள்ளிவிட முடியாது. சவுதியில் குடும்பத்தோடு இருந்த வெளிநாட்டவர்களுக்கு 2017 ஜூலையில் ஒரு புதிய கட்டணம் வந்தது. மனைவி, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால். ஆண்டுக்கு 100 கூடி 2020இல் அது 400 ஆனது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உடனிருந்தால் மாதம் 1,200 ரியால், அதுவும் இகாமா என்ற தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போது மொத்தமாகக் கட்ட வேண்டியிருந்தது. கடைக் கணக்கு எழுதுபவரும் டிரைவரும் இதற்கு எங்கே போவார்கள்? குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு, நாலு பேர் தங்கும் அறைக்கு மாறினார்கள். பிள்ளைகள் நடு வகுப்பில் பள்ளி மாறினார்கள். இதற்கு வாடகையோ பருப்பு விலையோ காரணம் இல்லை. சட்டத்தில் ஒரு வரிதான் ஏறியது.

இன்று மலிவு என்று பெயர் வாங்கிய நாடுகளும் இப்படித்தான். தாய்லாந்தில் ஓய்வுக்காலத்தைக் கழிக்க 50 வயது நிறைந்திருக்க வேண்டும். அந்நாட்டு வங்கியில் 8 லட்சம் பாட் இருப்பு, இல்லாவிட்டால் மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். நம் கணக்கில் அந்த இருப்பு 20 லட்சம் ரூபாய்க்கு மேல். அனுமதி ஒரு வருடத்துக்குத்தான். 90 நாளுக்கு ஒருமுறை இருப்பிடத்தைத் தெரிவிக்க வேண்டும். வேலை பார்க்கக் கூடாது. வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் வரி என்ற விதியையும் 2024 முதல் இறுக்கிவிட்டார்கள். மலேசியாவின் ‘இரண்டாவது தாயகம்’ திட்டத்துக்கு முன்பு கேட்ட மாத வருமானம் 10,000 ரிங்கிட். 2021இல் அதை ஒரேயடியாக 40,000 ஆக்கினார்கள். 2024இல் மறுபடியும் மாற்றினார்கள். இப்போது அதில் ‘சில்வர்’ எனும் வெள்ளிப் படிநிலைக்கு 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை வேண்டும், 6 லட்சம் ரிங்கிட்டுக்குக் குறையாத வீடும் வாங்க வேண்டும். அந்த நாடுகளைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. தங்கள் ஊரில் யார் இருக்கலாம் என்று முடிவு செய்வது அவர்கள் உரிமை. ஆனால் அறுபது வயதுக்கு மேல் ஊர் மாறுகிறவர், அனுமதியைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும். உடம்புக்கு முடியாமல் போனால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் சேர முடிகிற உரிமை அங்கே கிடையாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரு சிங்கப்பூர் வெள்ளி 60 ரூபாய்க்கு மேல் விற்கும்போது, சிங்கப்பூர்த் தமிழருக்கு நெல்லையே மலிவான நாடு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தால் ஆயுள் முழுக்க விசா, போலீஸ் பதிவு தேவையில்லை. ஓட்டுப்போட முடியாது. வயலும் வாங்க முடியாது; பரம்பரையாக வந்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம். இந்தத் தடை நியாயமானது. ஆற்றுப் பாசன வயல்கள் ஏற்கெனவே ‘பிளாட்’ ஆகிக்கொண்டிருக்கும் பகுதியில், அந்நியச் செலாவணியோடு வருகிறவர்களும் நஞ்சைக்குப் போட்டி போட்டால் உள்ளூர் விவசாயி தாங்கமாட்டார். நாம் வியட்நாமுக்குப் போய் வீடு பிடிக்கும்போது, அங்கேயும் ஒரு உள்ளூர்க் குடும்பம் வாடகை உயர்வைத் தாங்கவேண்டியிருக்கும் என்பது அப்போதுதான் உறைக்கிறது.

போக வேண்டாம் என்று யாரையும் தடுக்க வேண்டியதில்லை. போகிறவருக்குச் சரியான தகவல் வேண்டும். வேலைக்குப் போகிறவரை எச்சரிக்க அரசு ஏற்பாடுகள் இருக்கின்றன. குடியேறப் போகிறவருக்கோ ஏஜெண்டும் யூடியூபும்தான் வழிகாட்டி. தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத் துறை, நம்மவர்கள் அதிகம் நாடும் நாடுகளின் தங்கும் அனுமதி, வரி, மருத்துவக் கட்டண விதிகளைத் தமிழில் வெளியிட்டு, மாறும்போதெல்லாம் திருத்த வேண்டும். நெல்லை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசிலும் தென்காசியிலும் இதற்கென்று தலா ஓர் அலுவலரை உட்காரவைத்தால், வீட்டை விற்று விமானம் ஏறுவதற்கு முன்பு கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் இடம் இருக்கும்.