சட்டம் கொள்ளும் ஊகம்

மேல் வகுப்பு மாணவர் ஒருவர் சென்ற கிழமை எம்மிடம் ஒரு வினா எழுப்பினார். குற்றம் எண்பிக்கப்படும்வரை எதிரி நிரபராதியே என்பது நீதியின் அடிப்படையன்றோ? அங்ஙனமாயின், மருமகள் இறந்தவிடத்துக் கணவனையும் அவன் வீட்டாரையும் குற்றவாளிகளென ஊகிக்குமாறு பாரத நாட்டுச் சட்டம் பணிப்பது எவ்வாறு பொருந்தும்? விடை கூறுமுன் நாமும் சற்றே தயங்கினோம்.

அங்கு வரதட்சணையை 1961ஆம் ஆண்டிலேயே சட்டம் விலக்கியது. (நம் தேசவழமையிற் சீதனம் பெண்ணின் உடைமை, அவ்வளவில் இரண்டும் ஒன்றல்ல.) விலக்கியும் என்ன? இளம் மனைவியர் அடுக்களையில் தீப்பட்டு மாண்டனர். வீட்டினுள்ளே நிகழ்வதற்குச் சாட்சி சொல்ல யார் வருவர்? ஆகவே 1986இல் 'வரதட்சணை மரணம்' எனத் தனிக் குற்றம் வகுக்கப்பட்டது. மணமாகி 7 ஆண்டுகளுள் ஒரு பெண் தீக்காயத்தாலோ வேறு இயல்பல்லாத வகையிலோ இறந்து, அதற்குச் சற்று முன்னர் வரதட்சணை குறித்துத் துன்புறுத்தப்பட்டமையுங் காட்டப்படின், துன்புறுத்தியவரே மரணத்தை விளைத்தாரென நீதிமன்றம் ஊகித்தே ஆகவேண்டும். தண்டனை 7 ஆண்டுச் சிறைக்குக் குறையாது. 2024 யூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டங்களிலும் இவ்வேற்பாடு உண்டு.

மேன்முறையீட்டில் எதிரியின் நியாயவாதி தாக்குவது பெரும்பாலும் ஊகத்தையன்று; அது நிற்கும் அத்திவாரத்தையே. மத்தியப் பிரதேச வழக்கொன்றில், துன்புறுத்தலை முதலில் எண்பித்தாலன்றி ஊகம் எழாதென 2016இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்து, எதிரிகளை விடுவித்தது. ஏழாண்டுகளுள் மரணம் என்பது மட்டும் போதாது. மறுபுறம், 'சற்று முன்னர்' என்பது 'உடனே முன்னர்' ஆகாது, துன்பத்துக்கும் மரணத்துக்குமிடையே அறாத தொடர்பு இருந்தாற் போதும் என ஹரியானா வழக்கொன்றில் 2021இல் அதே மன்றம் விளக்கிற்று. தொலைவில் வாழும் உறவினரையும் வழக்கில் இழுத்துவிடுவதுண்டென்ற எச்சரிக்கையும் அத்தீர்ப்பிலேயே காணப்படுகிறது.

எம்மை வருத்துவது வேறொன்று. அவ்வத்திவாரத்துக்குரிய சாட்சியம் பெரும்பாலும் பிறந்த வீட்டாரின் வாய்மொழியே. அழுது வந்த மகளைப் "பொறுத்துக்கொள்" என்று திருப்பி அனுப்பிய தாயும் தந்தையுமே பின்னர் சாட்சிக் கூண்டில் ஏறுகின்றனர். "அவள் உயிரோடிருக்கையில் ஏன் முறையிடவில்லை?" என்பது குறுக்கு விசாரணையில் எழும் முதற் கேள்வி. குடும்ப மானங் கருதிக் காத்த மௌனம் அங்கே எதிரிக்குத் துணையாகின்றது.

சுமை முழுவதும் எதிரியின் தலையில் ஏற்றப்படவில்லை, முதற்பாதி வழக்குத் தொடுநரிடமே உள்ளது என்று அம்மாணவருக்கு விடை கூறினோம். அவர் முற்றிலும் உடன்பட்டாரல்லர்.