முற்றமில்லாதவர்க்கு ஒரு தோட்டப் பிரசங்கம்

வீட்டிலே சமைத்து உண்ணுங்கள். வீட்டைச் சுற்றிப் பயிரிடுங்கள். அதிலுள்ள இன்பத்தை நுகருங்கள் என்று நகர மக்களுக்கு உபதேசம் செய்வது எமது நாட்டிலே கௌரவமானதொரு தொழிலாகிவிட்டது. மந்திரிமார் செய்கின்றனர். ஞாயிறு இதழ்களின் மாதர் பகுதியை நடத்துவோர் செய்கின்றனர். தொலைக்காட்சியிலே, பளபளக்கும் சமையலறையில் நின்றுகொண்டு, பிறர் நறுக்கி வைத்த காய்கறியை எடுத்துச் சட்டியிலிடும் சீமாட்டிகளும் செய்கின்றனர். இவர்கள் கூறுவது பொய்யென வாதாட நாம் முன்வரவில்லை. கூறுவது பாதி உண்மை, மறைப்பது மறுபாதி. அந்த மறுபாதியைப் பற்றியே எமக்கு வழக்கு.

இன்பம் உண்டு. எண்ணெய் சூடேறிக் கடுகு வெடிக்கத் தொடங்கிய பிறகு எழுந்து போய், வளவிலே நிற்கும் மரத்தில் கறிவேப்பிலை நெட்டொன்றை முறித்து வந்து, ஈரங் காயாமற் சட்டியிலிடும்போது எழும் மணம், சந்தையிலே மூன்று நாட்கிடந்து சுருண்ட இலைக்கு வருவதில்லை. முருங்கையிலையை உருவிய கையோடு சின்ன வெங்காயமும் தேங்காய்ப்பூவும் சேர்த்து ஆக்கும் வறையைக் கடைச்சாப்பாட்டுப் பொட்டலத்தில் எவரும் கண்டதில்லை. தாம் நட்ட மிளகாய்க் கன்று முதற்பூ விட்ட நாளில் அயலாரை அழைத்துக் காட்டாதவர் அரியர். இதிலே சுவைக்கு மேற்பட்டதும் ஒன்றுண்டு. காரியாலயத்து எழுதுவினைஞர் தாம் எழுதிய கோவை எங்கே போய்ச் சேர்கின்றதென அறியார். ஆடைத் தொழிற்சாலையிலே காலர் மட்டும் தைப்பவள் முழுச்சட்டையைக் காண்பதே அபூர்வம். அதனை அணிபவன் கடல் கடந்து எங்கோ இருக்கின்றான். கத்தரி நட்டவளோ கத்தரிக்காயைக் காண்கிறாள், பறிக்கிறாள், பொரித்துத் தன் பிள்ளைக்கு ஊட்டுகிறாள். தன் உழைப்பின் பயனை இடைத்தரகனின்றித் தன் கையிலேயே பெறும் வாய்ப்பு நகர வாழ்விலே வேறெங்குண்டு? இன்பம் இத்துணை மெய்யானது என்பதனாலேயே, அது எவருக்குக் கிடைக்கின்றது, எவருக்கு மறுக்கப்படுகின்றது என்ற கேள்வியை நாம் எழுப்புகின்றோம்.

கொழும்பிலே தோட்டம் என்னுஞ் சொல் வழங்குமாற்றை நோக்குங்கள். கொழும்பு 7இற்குக் கறுவாத்தோட்டம் என்று பெயர். ஒல்லாந்தர் அங்கு கறுவா பயிரிட்டனர். இன்று கறுவா இல்லை. புல்தரையும் மாநிழலும் மதிலும் காவற்காரருங் கொண்ட மாளிகைகள் உள்ளன. அங்கிருந்து ஒன்றிரண்டு மைல் நடந்து கிராண்ட்பாஸ், வனாத்தமுல்லைப் பக்கம் சென்றால் அங்கேயும் தோட்டங்கள் இருக்கின்றன. முடுக்குகளில் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் அறைகளின் வரிசைக்கே அங்கு தோட்டம் என்று பெயர். சிங்கள மக்கள் வத்த என்பதும் அதனையே. கறுவா இல்லாத கறுவாத்தோட்டத்தில் மண் இருக்கின்றது. மனிதர் நிறைந்த இந்தத் தோட்டங்களில் ஒரு கைப்பிடி மண் இல்லை. நகர அபிவிருத்தி அதிகாரசபை 2010இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டதன் பின்னர், இத்தகைய தோட்டங்கள் பல இடிக்கப்பட்டன. மக்கள் அடுக்குமாடிகளில் ஏற்றப்பட்டனர். 400, 500 சதுர அடி வீடு என்பது இரண்டு பேர்ச்சுக்கும் குறைவு. அதுவும் பத்தாம் மாடியில்.

ஆண்டுதோறும் "எமது வீட்டுத்தோட்டம்" என்று கட்டுரை எழுதுவிப்பது எமது பாடசாலைகளின் பழக்கம். ஏழாந்தர மாணவர் முப்பது பேர் எழுதினால் முப்பதிலும் ஒரே வேலி, ஒரே வாழை, மாலை வேளையில் நீர் பாய்ச்சும் ஒரே தந்தை. வழிகாட்டி நூலிலிருந்து மனனஞ் செய்தவை. ஒரு தடவை ஒரு சிறுமி மாத்திரம் வேறு விதமாக எழுதியிருந்தாள். தங்கள் தோட்டத்தில் நாற்பத்திரண்டு வீடுகள் உண்டென்றும், தண்ணீர்க் குழாய் ஒன்றே என்றும், தாய் ஒரு பெயின்ற் வாளியில் ரம்பை வைத்திருக்கிறாரென்றும், களவு போகாமலிருக்க இரவிலே அதனை உள்ளே எடுத்துவிடுவார்களென்றும் எழுதினாள். தலைப்பை விட்டு விலகிவிட்டாள் என்றார் சக ஆசிரியர் ஒருவர். முப்பது பேரில் தலைப்பை விட்டு விலகாதவள் அவள் ஒருத்தியே என்பது எமது தீர்ப்பு. புள்ளியையும் அவ்வாறே இட்டோம்.

பயிரிடுக என்னும் குரல் எக்காலத்தில் உரத்தெழுகின்றது என்பதும் கவனிக்கத்தக்கது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர், அங்கிருந்து வந்த அரிசி நின்றது, பங்கீடு வந்தது, கூடவே உணவுப் பயிர்ப் பிரசாரமும் வந்தது. 1953இல் பங்கீட்டு அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆந் திகதி நாடு ஹர்த்தாலில் எழுந்தது. ஒக்ரோபரில் பிரதம மந்திரி டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அன்று வீதிக்கு வந்த மக்கள் விதைப் பொட்டலம் கேட்டு வரவில்லை.

அண்மைக் காலத்தை எடுத்துக்கொள்வோம். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஓரிரவிற் போலத் தடுக்கப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோது விவசாயியின் வயல் கெட்டிருந்தது. நாட்டின் கழனியைப் பாழாக்கிய அதே அரசாங்கம், 2022 ஜூனிலே, அரசாங்க ஊழியர்க்கு மூன்று மாத காலம் வெள்ளிக்கிழமை விடுமுறை என்றும், வீட்டிலிருந்து பயிர் செய்க என்றும் தீர்மானித்தது. ஆறாம் மாடியிலே குடியிருக்கும் எழுதுவினைஞர் அன்று எதனைக் கொத்துவார்? சீமெந்துத் தரையையா? அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பில் உணவு விலைகள் முந்திய ஆண்டிலும் 94.9 வீதம் ஏறியிருந்தன. கீரை முளைத்ததென்றே வைத்துக்கொள்வோம். அவிப்பதற்கு நெருப்பு வேண்டுமன்றோ? 12.5 கிலோ எரிவாயு உருளை ஏப்ரலில் 4,860 ரூபாவாயிற்று. ஏழையின் அடுப்புக்குரிய மண்ணெண்ணெய் ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியது. வீட்டுச் சமையலின் மகிமையைப் பாடியவர்கள் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டுப் பாடினர் என்பதே அக்காலத்துச் சரித்திரம். உபதேசம் களஞ்சியம் வெறுமையாகும் வேளைகளிலே பிறக்கின்றது. அரசின் கடமையைக் குடிமகனின் ஒழுக்கமாக மாற்றிவிடுவதே அதன் வேலை.

குடிமகனின் என்று எழுதினோம். உண்மையில் அது குடிமகளின் தலையிலேயே இறங்குகின்றது. தேங்காய் திருவுதல், பால் பிழிதல், மா வறுத்தல், இடியப்பம் பிழிதல், மீன் வெட்டுதல், சட்டி கழுவுதல் என்ற இத்தனைக்கும் கூலி இல்லை, விடுமுறை இல்லை, ஓய்வூதியமும் இல்லை. காலையில் பஸ் ஏறுமுன் ஒரு சமையல், மாலையில் இறங்கிய பின் மற்றொன்று. இவற்றின் மேல் இனி ஒரு மண்வெட்டியும் அவள் கையில் கொடுக்கப்படுகின்றது. கட்டுநாயக்கா வலயத்தின் தங்கும் அறைகளில் பலர் சேர்ந்திருந்து, ஓரடுப்புக்கு முறை வைத்துச் சோறாக்கும் பெண்களிடம் சென்று சமையலின் இன்பத்தைப் பற்றி உபந்நியாசம் செய்யத் துணிபவர் யார்?

எமது எழுத்தாளரும் இதற்கு உடந்தை. அம்மாவின் கைப்பக்குவம் பற்றி உருகியுருகி எழுதாத சிறுகதையாசிரியர் எம்மிடையே எத்தனை பேர்? அக்கதைகளில் ஒடியற்கூழ் கொதிக்கும், மீனும் நண்டும் மணக்கும், பிலா இலையைக் கோலி மகன் குடிப்பான், கண்ணீர் வடிப்பான். அம்மா எப்போது குடித்தாள் என்பது மாத்திரம் எழுதப்படுவதில்லை. கூடலூர் கிழார் இவர்களினும் நேர்மையுடையவர். குறுந்தொகையின் 167ஆம் பாட்டிலே புதுமனைவி தயிரைக் கையாற் பிசைகிறாள். அக்கையைக் கழுவவும் நேரமின்றி உடையிலே துடைக்கிறாள். தாளிப்புப் புகை அவள் கண்ணிலே நிறைகின்றது. சுவையாயிருக்கிறது என்று கணவன் உண்ண, அவள் முகம் நுட்பமாக மலர்கின்றது. இதனை நற்றாயிடம் வந்து கூறுபவளோ செவிலி. சமைத்தவள் வாய் திறப்பதில்லை. இப்பாட்டை இல்லறத்தின் இனிமைக்கு எடுத்துக்காட்டுவோர் முக மலர்ச்சியை விரித்துரைத்துவிட்டுப் புகையைத் தாண்டிப் போய்விடுகின்றனர். புலவர் அதனை மறைக்கவில்லை. இன்றைய பிரசங்கிகளின் சமையலறையிலேதான் புகையே எழுவதில்லை.

இனி எமது அணியினரிடமும் ஒரு வார்த்தை. தகரத்திலும் வாளியிலும் செடி வளர்ப்பது குட்டிபூர்ஷுவாப் பொழுதுபோக்கு, சம்பளத்துக்கும் விலைக் கட்டுப்பாட்டுக்கும் போராடுவதே முறை என்று எள்ளி நகையாடும் தோழர்கள் இருக்கின்றனர். சம்பளத்துக்குப் போராட வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயின் பொழுதுபோக்கு என்று அவர்கள் ஒதுக்குவதை ஹவானாவின் மக்களிடம் கேட்டுப் பார்க்கட்டும். 1991இல் சோவியத் யூனியன் வீழ்ந்ததும் கியூபாவுக்கு எண்ணெயும் உரமும் நின்றன. நகரத்தின் வெறுங்காணிகளைப் பயன்படுத்தும் உரிமையை அரசு மக்களுக்கு வழங்கியது. இடிந்த கட்டடங்கள் நின்ற இடங்களிலும் கீரைப் பாத்திகள் எழுந்தன. அதனால் கியூபாவின் உணவுப் பிரச்சினை தீர்ந்துவிட்டதெனக் கூறமாட்டோம்; தீரவில்லை. ஆனால் அங்கே பயிரிடு என்ற சொல்லுக்கு முன்னர் நிலம் வந்தது.

கியூபா வேண்டாம் என்பவர்க்கு இங்கிலாந்தைக் காட்டுவோம். அங்கே 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மக்கள் கேட்குமிடத்துத் தோட்டத் துண்டுகள் ஒதுக்கிக் கொடுப்பது உள்ளூராட்சிச் சபைகளின் கடமை. வழக்கமான துண்டு பத்துச் சதுர ரொட். அதாவது பத்துப் பேர்ச். யாழ்ப்பாணத்தார் கணக்கிற் சரியாக ஒரு பரப்பு. தன் நாட்டுத் தொழிலாளிக்கு ஒரு பரப்புக் கொடுக்கச் சட்டஞ் செய்த அதே ஆட்சிதான், 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் எமது குடியானவர் அனுபவித்த காணியைத் தரிசென்று கூறி முடிக்குரியதாக்கிற்று. வெள்ளையர் போய்விட்டனர். அந்த 1840இன் புத்தி எமது காரியாலயங்களை விட்டு இன்னும் போகவில்லை.

ஆகவே, கொழும்பிலே வாக்குக் கேட்டு வருபவர் எவராயினும், அவரது மேடையிலே வீட்டுத்தோட்டம் என்ற சொல் எழுமாயின், வாசகர்கள் சில கேள்விகளை அவர்முன் வைக்க வேண்டும். தகரமடித்து விலையேற்றத்துக்காகப் பூட்டி வைத்திருக்கும் காணிகளில், கட்டடம் எழும் வரையிலாவது அயலார் பயிரிட இடம் உண்டா? அடுக்குமாடியின் மொட்டை மாடிக் கதவின் திறப்பு யார் கையில் இருக்கின்றது? அங்கே நீர்க்குழாய் உண்டா, அந்த நீருக்குக் கட்டணம் யார் செலுத்துவது? வாய்க்காலிலே சாக்கடை கலப்பதை நிறுத்தாமல், அக்கரையில் வளரும் கங்குன் கீரையை எந்தத் தைரியத்தில் பிள்ளைக்குக் கொடுப்பது? 2022இல் பட்டினி கண்ட மக்கள் தாமாகவே திறந்த சமுதாயச் சமையலறைகளுக்கு மாநகரசபை ஓர் அறையும் அடுப்பும் கொடுக்குமா? வேலைநேரம் குறையுமா, குறைந்த நேரத்திலே அகப்பையைப் பிடிப்பது வீட்டு ஆண்மகனா என்பதையும் கேட்கலாம். மேடையிலிருப்போர் பெரும்பாலும் ஆண்களாதலின் இக்கேள்விக்கு நகைத்துவிட்டு அமர்வர். அப்பொழுது முதற்கேள்வியை மீண்டும் கேளுங்கள்: எத்தனை பேர்ச், எந்த வீதியில், எத்திகதிக்குள்?