பண்டிகைக்கு ஊருக்குப் போனது எங்கள் குற்றமா?

"பொங்கலுக்கு ஊருக்குப் போறவங்க நகையை ஏம்மா வீட்டுல வச்சிட்டுப் போனீங்க?"

பூட்டு உடைந்த எங்கள் வீட்டைப் பார்க்க வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி இதுதான். உறவுக்காரர் கேட்டார். எதிர்வீட்டுக்காரர் கேட்டார். புகாரை வாங்கிக்கொண்டவரும் அதையேதான் கேட்டார். திருடியவனை ஏசி ஒரு வார்த்தை வரவில்லை. பறிகொடுத்தவர்களையே கூண்டில் ஏற்றி விசாரிக்கும் இந்த வழக்கத்தை இன்னும் எத்தனை காலம் பொறுத்துக்கொள்வது?

பெரம்பலூரில் குடியிருக்கும் எங்களில் பலர் சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். பிள்ளைகளின் படிப்புக்காகவும் வேலைக்காகவும் வந்து வீடு பிடித்தோம். அரியலூரில் சிமெண்ட் ஆலைகளை நம்பி வந்து தங்கிய குடும்பங்களுக்கும் இதே கதைதான். போகி வந்துவிட்டால் வேப்பந்தட்டை, ஆலத்தூர், செந்துறை, ஜெயங்கொண்டம் என்று அவரவர் ஊருக்குப் பேருந்து ஏறிவிடுவோம். மாட்டுப் பொங்கலைப் பூட்டிய வீட்டுக்குள் உட்கார்ந்து கொண்டாட முடியுமா? ஆடி வெள்ளிக்கு சிறுவாச்சூர் மதுரகாளியம்மன், புரட்டாசி சனிக்கு கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள், தீபாவளிக்கு மாமனார் வீடு. எந்த நாளில் எந்தத் தெரு வெறிச்சோடும் என்பது நாள்காட்டியிலேயே இருக்கிறது. அது திருடனுக்குத் தெரிகிறது. ரோந்து போக வேண்டியவர்களுக்கு மட்டும் தெரியாதா?

நகையை ஏன் வீட்டில் வைத்தோம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். மானாவாரி பூமி இது. மக்காச்சோளமோ பருத்தியோ நல்ல விலைக்குப் போன வருஷம் ஒரு பவுன் வாங்குவோம். மழை பொய்த்த வருஷம் அதையே கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்து விதை வாங்குவோம். பண்டிகை நெருங்கினால், நாலு பேர் முன்னால் மகள் வெறுங்கழுத்தோடு நிற்கக் கூடாது என்று கடன் வாங்கியாவது மீட்டு வருவோம். தெருவிலும் பேருந்திலும் சங்கிலி அறுப்பவர்களுக்குப் பயந்து, போட்டது போக மிச்சத்தை பீரோவில் வைத்துப் பூட்டுவோம். அலங்காரத்துக்காகச் சேர்த்த பொன் அல்ல இது. எங்கள் பயிர்க்கடன், ஆஸ்பத்திரிச் செலவு, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் அதுதான். 2025இல் ஒரு பவுன் 75,000 ரூபாயைத் தாண்டி ஏறியது. போனதை இனி எந்த ஜென்மத்தில் சேர்ப்போம்?

நகை மட்டும் போயிருந்தால்கூட மனம் ஒருவாறு ஆறியிருக்கும். முன்கதவின் தாழ்ப்பாளைக் கடப்பாரையால் நெம்பியிருந்தார்கள். அரிசிக்குள் நகையை ஒளித்து வைப்பது கிராமத்துப் பழக்கம் என்று அறிந்தவர்கள்போல, அரிசி டிரம்மைக் கவிழ்த்து வீடெங்கும் இறைத்திருந்தார்கள். சாமி படங்களைக் கழற்றி உடைத்திருந்தார்கள். மகளின் பள்ளிச் சான்றிதழ்கள் மிதிபட்டுக் கிடந்தன. தூக்கிப் போக எதுவும் இல்லாத அலமாரியைக்கூட அடித்து நொறுக்கிய ஆத்திரம் எதற்கு? உழைத்துப் பிழைக்கிற நாங்கள் அவர்களுக்கு என்ன தீங்கு செய்தோம்? என் மாமியாருடைய அட்டிகை போனது. அதைவிட, அந்த வீட்டில் பயமில்லாமல் தூங்கும் தூக்கம் போனது. இன்றும் பின்கட்டில் சத்தம் கேட்டால் என் மகள் விழித்துக்கொள்கிறாள்.

மோப்ப நாய் வந்தது, தெருமுனை வரை ஓடி நின்றது. கைரேகை எடுத்தார்கள். பிறகு கையில் புகாரைப் பெற்றதற்கான ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து, "கூப்பிடறோம், போங்க" என்றார்கள். பில் இல்லாத நகைக்கு எடையைக் குறைத்துச் சொல்லச் சொன்னார்கள். பாட்டி காலத்து அட்டிகைக்கு எந்தக் கடை பில்லை நான் தேடுவேன்?

சட்டம் எங்கள் பக்கம் இல்லாமல் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, இரவில் வீட்டை உடைத்துத் திருடினால் 14 ஆண்டுவரை சிறை என்கிறது. கைது செய்வதற்குரிய குற்றம் பற்றித் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இலேயே தீர்ப்பளித்தது. அந்த அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். விசாரணை எந்த நிலையில் உள்ளது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும். இத்தனையும் புத்தகத்தில் இருக்க, எங்கள் கையில் ரசீது மட்டும் இருக்கிறது.

கவனிப்பார் இல்லாத பூட்டு என்ன ஆகும் என்பதற்கு இந்த மண்ணிலேயே சாட்சி உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் பிரகதீஸ்வரர் கோயில் ஆள்நடமாட்டமின்றிப் பூட்டிக் கிடந்தது. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளைத் திருடிக்கொண்டு போனார்கள். 2008இல் சிலைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற அதிகாரிகள் வந்தபோதுதான் களவே தெரிந்தது. அதற்குள் நடராஜர் கடல் தாண்டி ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்துக்கு விலைபோயிருந்தார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படம்தான் அவரை அடையாளம் காட்டியது. 2014 செப்டம்பரில் அந்நாட்டுப் பிரதமரே டெல்லிக்கு வந்து ஒப்படைத்தார். அவரை விற்ற சிலைக் கடத்தல்காரன் சுபாஷ் கபூருக்கு, இதே மாவட்டத்துச் சுத்தமல்லி கோயில் களவு வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டு சிறை விதித்தது. விடாமல் தேடினால் கண்டம் தாண்டிப் போன பொருளும் திரும்பும். எங்கள் நகை அடுத்த மாவட்டத்து அடகுக் கடையைக்கூடத் தாண்டியிருக்காது. அதைத் தேட மட்டும் ஏன் மனம் வரவில்லை? ஏழை வீட்டுப் பொன் என்பதாலா?

ஒவ்வொரு பண்டிகைக்கும் "வெளியூர் செல்வோர் காவல் நிலையத்தில் தகவல் சொல்லுங்கள்" என்று அறிவிக்கிறார்கள். சொல்கிறோம் ஐயா. சொன்ன வீட்டுக்கு முன்னால் இரவில் ஒருமுறையாவது ஆள் வந்து ரோந்துக்கான பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டாமா? தெருவிளக்கு எரிய வேண்டாமா? நன்கொடை வாங்கி மாட்டிய கேமராக்கள் ஓடுகின்றனவா என்று யாராவது பார்க்க வேண்டாமா? மீட்ட நகையைப் படம் எடுத்துக்கொண்டு உரியவரிடம் சீக்கிரம் கொடுத்துவிடலாம் என்று 2002இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்க, பொருள் கிடைத்த பின்னும் ஏன் பறிகொடுத்தவர்களை நீதிமன்றப் படியேற வைக்கிறீர்கள்?

எங்களைப் போன்றவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். இன்றே உங்கள் நகைகளைப் படம் எடுங்கள். எடையை எழுதி, பில்லோடு வேறோர் இடத்தில் வையுங்கள். ஊருக்குப் போகும் நாளைத் தெருவில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், அவர் ஊருக்குப் போகும்போது அவர் வீட்டை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். களவு போனால் ரசீதோடு திரும்பாதீர்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்துமூலம் அனுப்புங்கள், அதற்கும் பலன் இல்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் போங்கள். "ஏன் பூட்டிவிட்டுப் போனாய்" என்று கேட்பவரிடம் தலை குனியாதீர்கள். பூட்டியவர் குற்றவாளி அல்ல. உடைத்தவன்தான் குற்றவாளி. அவனைத் தேடிப் பிடிப்பது அரசாங்கத்தின் கடமை.